தாலி கட்டிய பேயன் வாழை

காலை எட்டு மணிக்கு வெட்டிய வாழை, மாலையில் நான் கிட்டங்கியில் சரக்கு வேலை முடிந்து திரும்பியபோது ஒரு சாண் உயர்ந்திருந்தது. வெட்டுவாயின் நடுவிலிருந்து வெள்ளைக் குருத்து, சுருட்டிய காகிதம்போல நிமிர்ந்து நின்றது.

அது பேயன் வாழை. ராமநாதபுரத்து வானம் பார்த்த காட்டிலிருந்து கிழங்கைச் சாக்கில் சுற்றிக் கப்பலில் இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தேன். ஊரில் அதை இடுப்பளவுக் குழியில் நட்டு, சருகு போட்டு மூடி, பாத்திரம் கழுவிய தண்ணீரை மட்டும் விடுவோம். மாதக்கணக்கில் மழை இல்லாமல் தாங்கும். வெட்டினால் வெட்டுவாயை வெயில் ஒரே நாளில் காயவைத்துவிடும். கிழங்கை மட்டும் யாரும் தோண்டுவதில்லை. அடுத்த மழைக்கு அதுதான் கன்று விடும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கிழங்கை விட்டுவிட்டேன். தண்ணீர்மலைப் பக்கத்து எங்கள் கொல்லையில் வாரம் தவறாமல் மழை பெய்வதை நினைக்கவில்லை.

வெட்டச் சொன்னவர் சோதிடர். என் மகனுக்கு முதல் தாரம் தங்காது என்றார். ஆகவே முதலில் வாழைக்குத் தாலி கட்டி, அதை வெட்டிவிட்டுப் பெண் எடுக்க வேண்டும். மகன் தலையைக் குனிந்துகொண்டு மஞ்சள் கயிற்றைக் கட்டினான். நான் வெட்டினேன். பெண் வீட்டாருக்குச் சொல்லவில்லை.

"அதான் வெட்டியாச்சுலா, இன்னும் என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்று மனைவி வந்தாள். குருத்தைக் காட்டினேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்று முறை வெட்டினேன். மூன்று முறையும் எழுந்தது. அதற்குள் கல்யாண நாள் வந்துவிட்டது.

மருமகள் எதிர்க்கரையில் தாசேக் கெலுகோர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்துப் பெண். வந்த நாளிலிருந்து அரிசி கழுவிய தண்ணீரை அந்த வாழைக்குத்தான் ஊற்றினாள். கல்யாணமான மூன்றாம் மாதம் அவளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாளும் இறங்கவில்லை. கிழங்கையே தோண்டிவிட நான் கடப்பாரையோடு கொல்லைக்குப் போனேன். நல்ல பகல் வெளிச்சம். இரண்டு குத்துத்தான் குத்தியிருப்பேன்.

"அக்காவைத் தோண்டாதீங்க மாமா."

போர்வையைச் சுற்றிக்கொண்டு மருமகள் படியில் நின்றாள். இளைய தாரம் மூத்த தாரத்தை அழைக்கும் முறை அது. கடப்பாரையை மண்ணில் ஊன்றினேன்.

"யாரும்மா சொன்னா உனக்கு?"

"யாரு சொல்லணும்? வந்த அன்னைக்கே கயிறப் பாத்துட்டேன். நீங்க கயித்துக்கு மேல வெட்டியிருக்கீங்க."

குனிந்து பார்த்தேன். அடிமட்டையில், சேறு தெறித்த மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது.

"எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் செஞ்சாங்க. மறுபடி தளுத்துச்சின்னு வேரோட தோண்டிப் போட்டாங்க. ஒரு வாரத்துல அண்ணி போயிட்டாங்க. தெரியாமலா தண்ணி ஊத்துறேன்?" அவளுக்குப் பற்கள் அடித்துக்கொண்டன.

குழியை மூடினேன். மிதிக்கத் துணியாமல் மண்ணைக் கையால் அமுக்கினேன். மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் விட்டது.

வாழைத்தண்டு ஏன் மறுபடி வளர்கிறது என்று படித்திருக்கிறேன். படித்தது அந்தக் கயிற்றைப் பார்க்கும்போது உதவுவதில்லை.

வாழை இப்போது தார் போட்டிருக்கிறது. தார் சமையலறைச் சன்னல் பக்கம் சாய்ந்து தொங்குகிறது, காய்கள் புடைத்துவிட்டன. தார் முற்றிய வாழை நிற்காது. வெட்டாவிட்டாலும் தானே சாயும். மருமகளுக்கு இது எட்டாம் மாதம்.

நேற்று இரண்டு மூங்கில் வெட்டி வந்து மரத்துக்கு முட்டுக் கொடுத்தேன். சன்னலுக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது.

"இன்னொரு முட்டும் குடுங்க மாமா."