ஆரத்தித் தண்ணீர்

எங்கள் வார்டுதான் ஊரின் கடைசி வார்டு. அதைத் தாண்டினால் தோல் பதனிடும் டேனரிகளின் கழிவு வாய்க்கால், அப்புறம் பாலாறு. கவுன்சிலர் தேர்தல் வந்தால் மட்டும் எங்களுக்கு மரியாதை கிடைக்கும். அந்த நாற்றத்திலும் வேட்பாளர்கள் மூக்கைப் பொத்தாமல் சிரித்துக்கொண்டே நடப்பார்கள்.

தொண்ணூறுகளில் ஒருமுறை டேனரி முதலாளி ஒருவரே நின்றார். வீட்டுக்கு வீடு ஆரத்தி. ஷூ கம்பெனியில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, தட்டிலிருந்த சிவப்புத் தண்ணீரைச் சுற்றி, அதைத் தொட்டு அவர் நெற்றியில் பொட்டு வைத்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"இதுல மஞ்சளும் போடல, சுண்ணாம்பும் போடலண்ணே. எங்க கிணத்துத் தண்ணியே இப்பிடித்தான் வருது."

கிணற்றைக் கெடுத்தது யாருடைய கழிவு என்று எல்லோருக்கும் தெரியும். அவர் முகம் சுளிக்கவில்லை, பொட்டை அழிக்கவும் இல்லை.

"அதுக்கு இன்னாம்மா, மஞ்சள் செலவு உனக்கு மிச்சம்தானே."

முதலில் அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். பிறகு, வெட்கங்கெட்டு, நாங்களும் சிரித்தோம். அக்கா மட்டும் தட்டோடு நின்றாள். தெருவில் பாதிப் பேருக்கு அவரிடம்தான் வேலை. ஓட்டும் அவருக்கே விழுந்தது.

அடுத்த தேர்தலுக்கு அவர் வந்தபோது கிணற்றுத் தண்ணீர் கறுத்துப் போயிருந்தது. கறுப்புத் தண்ணீரில் ஆரத்தி எடுக்க முடியாதே. குடிப்பதற்காகப் பிடித்து வைத்திருந்த லாரித் தண்ணீரில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்து, வரிசையாக நின்று அவருக்குச் சுற்றினோம்.