சாத்தான்குளத்து முப்பத்தாறு பைசா

ஓய்வு பெற்ற பிறகும் நான் ஒரு நாள்கூடத் தவறாமல் செய்யும் வேலை ஒன்று உண்டு. காலை ஆறு மணிக்கு அன்றைய பெட்ரோல் விலையைப் பார்த்து நோட்டில் எழுதுவேன். தூத்துக்குடி, ஸ்ரீவைகுண்டம், சாத்தான்குளம், நாகர்கோவில் என்று நான்கு பத்திகள். விலை மாதக்கணக்கில் அசையாமலும் இருக்கும். அசையவில்லை என்பதையும் யாராவது பதிவு செய்ய வேண்டுமே. எண்ணெய்க் கிடங்கு எங்கள் தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டி இருக்கிறது. லாரி தூரம் போகப்போகப் பைசா ஏறும். ஆகவே வெளியூரில் பெட்ரோல் போடுவதில்லை என்பது என் விதி.

உள்ளூர் பங்க்கில் என் காரைத் தூரத்தில் பார்த்ததுமே, “அண்ணாச்சி வாராவ. அஞ்சு லிட்டர் அளவுக் கேனைத் தொடச்சு வையிலே” என்பார்கள். அளந்து காட்டச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

காரின் பெட்ரோல் முள் செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. போட்ட லிட்டரும் ஓடிய கிலோமீட்டரும் நோட்டில் இருக்கும்போது முள் எதற்கு?

அந்த ஞாயிற்றுக்கிழமை சாத்தான்குளத்தில் மைத்துனர் வீட்டுக் காதுகுத்து. மாலையில் என் மனைவியையும் அவள் தங்கையையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். தங்கை தூத்துக்குடியில் சென்னை ரயிலைப் பிடிக்க வேண்டும். அரசு வேலை, புருஷனும் பிள்ளைகளும் தூத்துக்குடியில், அவள் ஆறு வருடமாகத் திருவண்ணாமலைப் பக்கம். மறுநாள் காலை சென்னையில் இடமாற்றக் கலந்தாய்வு. பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு. இந்த விதியை அவளுக்கு விளக்கியதே நான்தான்.

கிளம்பும்போது மீட்டரில் இரண்டு கிலோமீட்டர் கூடியிருந்தது. கேட்டேன். “வாழை இலை வாங்கப் போனேன் அத்தான்” என்று மைத்துனர் சிரித்தார். என் பெட்ரோலில் வாழை இலை. அதையும் கழித்துப் பார்த்தேன். வீடு சேர்ந்து பத்து கிலோமீட்டருக்கு மிஞ்சும்.

ஸ்ரீவைகுண்டத்து பங்க் வந்தபோது மனைவி கேட்டாள்: “போடலையா?”

“பதினெட்டுப் பைசா அதிகம்.”

பின்னால் தங்கை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். இருமல் என்று நினைத்தேன்.

கொஞ்ச தூரத்தில் பாலம் வேலை. மாற்றுப்பாதை வயல்களுக்கு நடுவே சுற்றிச்சுற்றிப் போனது. மிச்சமிருந்த பத்து கிலோமீட்டரும் கரைந்தது. ஏசியை அணைத்தேன். வியர்த்தது, ஏசி இல்லாததால் மட்டும் அல்ல. கடைசியில் ஒரு வாழைத் தோட்டத்தின் ஓரம் வண்டியை நிறுத்திவிட்டு உண்மையைச் சொன்னேன்.

“பெட்ரோல் தீர்ந்துட்டு. கணக்குப்படி நாலு கிலோமீட்டருக்கு முன்னாலேயே வண்டி நின்னிருக்கணும்.”

“அப்ப எப்படி ஓடிச்சாம்?” என்றாள் மனைவி.

நோட்டை எடுத்து மறுபடி கூட்டிப் பார்த்தேன்.

தங்கை சொன்னாள்: “ஓட்டுங்க அத்தான். மத்தியானம் இலை வாங்கப் போன அண்ணன் பத்து லிட்டர் போட்டுட்டு வந்தான். நான்தான் போடச் சொன்னேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா திருப்பி எடுக்கச் சொல்லுவீங்க” என்றாள் மனைவி.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வண்டியைக் கிளப்பினேன். பிறகு ஏசியைப் போட்டேன், அதுவும் மூன்றில். ரயில் நிலையத்துக்கு இருபது நிமிடம் முன்னதாகவே போய்விட்டோம்.

அவளை ஏற்றிவிட்டுத் திரும்பியபோது மனைவி ரசீதைக் கொடுத்தாள். “இது இல்லாம நீங்க நம்ப மாட்டீங்கன்னு தம்பி குடுத்துவிட்டான்.” லிட்டருக்கு முப்பத்தாறு பைசா அதிகம். பத்து லிட்டருக்கு மூன்று ரூபாய் அறுபது பைசா. ஒருத்தியின் ஆறு வருடத்தை நான் அதற்குப் பணயம் வைத்து ஆடியிருக்கிறேன்.

மறுநாள் மதியம் போன் வந்தது. “அத்தான், ஸ்ரீவைகுண்டம் கிடைச்சிருக்கு. தினமும் வீட்லேருந்தே போய் வரலாம். ஸ்கூட்டர் வாங்கப் போறேன்.”

பெட்ரோலை இங்கேயே போட்டுக்கொண்டு போ, அங்கே பதினெட்டுப் பைசா அதிகம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. நான் அப்போது மெக்கானிக் கடையில் நின்றிருந்தேன். புது முள் பொருத்திக்கொண்டிருந்தார்கள்.