ஃப்ரீசரில் இரண்டு டப்பா

அமாவாசையன்று வெங்காயம்கூட நுழையாத எங்கள் மயிலாப்பூர் வீட்டில், தொண்ணூறுகளில் ஒரு கோடை முழுக்க மீன் ஈரல் இருந்தது. சொன்னால் உறவுக்காரர்கள் இன்றும் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும்.

நான் அப்போது மடவை மீனை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். மடவை கடலில் முட்டையிடும். குஞ்சுகள் அடையாற்றுக்குள் வந்து வளர்ந்து, பெரிதானதும் கடலுக்கே திரும்பும். அந்த வருஷம் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டது. தண்ணீர் கெட்டு, மூச்சுக்கு வழியில்லாமல் மீன்கள் செத்து மிதந்தன. எல்லாம் சாகவில்லை. ஒரே தண்ணீரில் இருந்தும் சிலது மட்டும் எப்படிப் பிழைத்தது? பிறவியிலேயே உடம்பில் ஏதாவது வித்தியாசமா? அதுதான் என் கேள்வி. அப்போதுதான் செத்தவற்றின் ஈரல் ஒரு டப்பாவில், பிழைத்துப் பிடிபட்டவற்றின் ஈரல் இன்னொன்றில். சோதிப்பதற்குள் ஆய்வகத்து ஃப்ரீசர் கழுத்தறுத்துவிட்டது. உருகினால் எல்லாம் வீண்.

ஐஸ் பெட்டியோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா தடுத்தால் ஒரு கை பார்த்துவிடுவது என்றுதான் வந்தேன்.

"என்னடி அது?"

"மீன் ஈரல். இதுல செத்தது, இதுல பொழைச்சது."

அம்மா டப்பாக்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எது பொழைக்கும்னு ஒடம்புலயே இருக்குமோ?"

"இருக்கலாம். அதைத்தான் பாக்கறேன்."

பாலையும் மாவையும் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட்டு, டப்பாக்களை அவளே உள்ளே வைத்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கும் அண்ணாவுக்கும் ஒரே ஜுரம். பெரியவன் தாங்குவான் என்று நம்பி, என்னை முதலில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மறுநாள் அவன் போய்விட்டான். வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை.

அன்றிலிருந்து தினமும் ஒரே விசாரிப்புதான். "உன் மீன் என்ன சொல்றது?" எரிச்சலாக வரும். எரிந்தும் விழுந்திருக்கிறேன்.

கடைசியில் ஆய்வகத்தில், ஜெல் என்கிற கூழ்த்தகட்டில் மின்சாரம் பாய்ச்சியதும் ஈரலின் புரதங்கள் கோடு கோடாகப் பிரிந்து வந்தன. அன்று மாலை நானே போய்ச் சொன்னேன்.

"பொழைச்சதுல முக்காவாசிக்கு ஒரு புரதம் வேற மாதிரி இருக்கும்மா. அப்பா அம்மா கிட்டேர்ந்து வரது. செத்ததுல நெறைய பேருக்கு அது இல்ல."

"யாருக்குமே இல்லையா?"

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது போதும். ஆனால் அந்தக் கேள்விக்காக அவள் தன் ஆசாரத்தையே விட்டிருந்தாள். பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"கொஞ்சத்துக்கு இருக்கு. இருந்தும் செத்திருக்கு."

"ஏன்?"

"தெரியலம்மா."

அம்மா தலையாட்டினாள். முகத்தில் அழுகை இல்லை.

"சரி. அவன் போனதுல முக்காவாசி அவன் ஒடம்பு. அந்தக் கொஞ்சம் மட்டும் நான்."

சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டிலிருந்து பாலை எடுத்துவரப் போனாள்.