சித்தியின் பாட்டு வரிசை

என் சித்தி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறாள். இரண்டாம் எண் உலர்த்தும் டிரம் அவளுடையது. துவைத்த படுக்கை விரிப்புகள் ஒரு தடவைக்கு ஐம்பது கிலோ அதற்குள் போகும். மொறமொறவென்று காயவிடக் கூடாது. தொட்டால் லேசாகக் குளிர வேண்டும். அந்தப் பதத்தில் எடுத்தால்தான் இஸ்திரி ரோலர் சுருக்கமில்லாமல் இழுக்கும். டிரம்மின் மணி கெட்டுப்போய் ஆறு வருடம் ஆகிறது. சித்தி அதைப் பற்றிப் புகார்கூடக் கொடுத்ததில்லை. அவளுக்குப் பாட்டு இருந்தது.

சலவைக்கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. சட்டைப்பையில் அடங்கும் பாட்டுப்பெட்டிக்கு அனுமதி உண்டு, அதுவும் ஒரு காதில் மட்டும். சித்தியின் பெட்டியில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பாட்டுகள். பழைய கேசட்டிலிருந்தும் ரேடியோவிலிருந்தும் சிடியிலிருந்தும் வருடக்கணக்காகக் கடையில் கொடுத்து ஏற்றியவை. ஒன்றுக்கும் முறையான பெயர் கிடையாது. திரையில் எல்லாமே ‘ட்ராக்’தான். சித்தியே பெயர் வைத்திருந்தாள்: கோபக்காரி, மழை நின்னது, ரெட்டைப் புல்லாங்குழல். ரேடியோவிலிருந்து பதிவு செய்தபோது சித்தப்பா பக்கத்தில் தும்மிவிட்டதால் ஒன்றுக்குத் தும்மல் பாட்டு என்று பெயர்.

முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை ஒரே வரிசை. நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடரும். பதினெட்டு வேலைநாளில் ஒரு சுற்று முடியும். பாட்டுகளைக் கலைத்துப் போடும் பொத்தான்மேல் அவள் ஆஸ்பத்திரிப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தாள். விரிப்புகளை உள்ளே போட்டுக் கதவைச் சாத்தும்போது கோபக்காரி ஓடினால், தும்மல் வந்ததும் திறக்க வேண்டும் என்பதுபோல ஒவ்வொரு பாட்டுக்கும் அவளிடம் ஒரு கணக்கு. ஒருநாளும் தப்பியதில்லை.

சித்தப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். எதிலும் உபரி வேண்டும் அவருக்கு. வீட்டில் டார்ச் மூன்று, குடை நான்கு.

“லிஃப்ட்டு ஒத்தைக் கம்பியிலயா தொங்குது? அஞ்சாறு கம்பி இருக்கும். நீ இவ்வளவு பாட்டையும் ஒரே டப்பால வெச்சுக்கிட்டுத் திரியறே” என்று பல வருடம் சொல்லிப் பார்த்தார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவந்து, பிரதி எடுக்கிறேன் என்று பெட்டியை அதில் செருகினார். இரண்டிலும் ஒரே பாட்டுகள் இருக்கும்படி செய்யட்டுமா என்று திரை கேட்டது. அதுதானே வேண்டும் என்று அவர் சரி என்றார். கம்ப்யூட்டரில் இருந்ததோ அதனுடன் வந்த பன்னிரண்டு மாதிரிப் பாட்டுகள். அது சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. ஒரு நிமிடத்துக்குள் பெட்டியிலும் அதே பன்னிரண்டுதான் இருந்தது.

சித்தி காதில் வைத்துக் கேட்டாள். ஒரு பியானோ ஓடியது.

“என்னங்க இது?”

“இரு, பாக்கறேன்.”

“பாத்தது போதும். கைய எடுங்க.”

மூன்று நாள் அவருக்குச் சோற்றைத் தட்டில் போடும் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாக இருந்தது.

வேலையும் கெட்டது. ஒரு தடவை விரிப்புகள் அப்பளமாக வந்தன, அடுத்த தடவை சொட்டச் சொட்ட. ரோலர் பக்கம் நிற்பவளைச் ‘சுருக்கம்’ என்று எல்லாரும் கூப்பிடுவார்கள், எங்கே சுருக்கம் இருந்தாலும் அவள் கண்ணுக்குத்தான் முதலில் படும் என்பதால். அவள் நொந்துபோய், “அக்கா, இது பெட்ஷீட்டா, பலகையா?” என்றாள். மேற்பார்வையாளர் தன் கண்ணாடி அறையிலிருந்து வந்தார்.

“பாட்ட நம்பி மிஷின் ஓட்டினா இப்படித்தாம்மா. புது மணி மாட்டிடறேன். நீங்க மடிப்பு மேசைக்குப் போயிடுங்க. உக்காந்து பாக்கற வேலை.”

“நான் எப்ப சார் கால் வலிக்குதுன்னு சொன்னேன்?”

“சரி, ரெண்டு வாரம் பாப்போம். அதுக்குள்ள சரியாகலேன்னா மேசைதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதே ஆஸ்பத்திரியில் நான் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்க்க வருபவரிடம் கேட்டேன். “அழிஞ்சது பட்டியல்தாங்க. பாட்டு பெரும்பாலும் உள்ளயே கிடக்கும். மேல எதையும் ஏத்திடாதீங்க” என்றார். அப்படியே சித்தி வீட்டுக்கு ஓடினேன். நல்லவேளை, சமாதானத்துக்கு ஐம்பது புதுப்பாட்டு ஏற்றலாம் என்று சித்தப்பா அப்போதுதான் பெட்டியைக் கையில் எடுத்திருந்தார்.

பழுதுபார்ப்பவர் தோண்டியெடுத்துக் கொடுத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்று பாட்டுகள். ஒன்பதின் இடத்தை மாதிரிப் பாட்டுகள் தின்றிருந்தன. நான் குதிக்காத குறை. சித்தி ஒரு காதில் மாட்டிக்கொண்டு ஐந்து பாட்டு கேட்டாள். முகம் மலரவில்லை.

“எல்லாம் நம்ம பாட்டுதான் பாப்பா. ஆனா குப்பையாக் கொட்டி வெச்சிருக்கு. மழை நின்னதுக்கு அப்புறம் கோபக்காரி வரணும். இதுல வேற எவளோ வர்றா.”

தோண்டியெடுத்தவற்றுக்கு வெறும் எண்கள்தான் இருந்தன. அந்த எண்களுக்கும் அவளுடைய வரிசைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வரிசை பெட்டியின் பட்டியலில் மட்டுமே இருந்தது, பட்டியல் போய்விட்டது. இத்தனை வருடத்தில் அதை எங்கும் எழுதி வைக்கவில்லை.

“வரிசை மொத்தமும் உனக்கு ஞாபகம் இருக்கா சித்தி?” என்றேன்.

“மொத்தமா எப்படிச் சொல்ல முடியும்? ஒரு பாட்டு முடிஞ்சா அடுத்தது தானா வரும்.”

அது எனக்குப் போதும். பதிவேட்டுப் பிரிவில் கட்டு அவிழ்ந்து சிதறிய தாள்களை நாங்கள் அப்படித்தான் சேர்ப்போம். ஒரு தாளின் முடிவைப் பார்த்தால் அடுத்த தாளின் தொடக்கம் தெரியும். ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு கட்டங்கள் போட்டேன்: இது எது, இதற்கு அடுத்தது எது. நடுவில் எங்கிருந்து தொடங்கினாலும் பரவாயில்லை. கோத்துக் கொடுக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை நாற்பது நிமிடம். மடிப்பு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தோம். நான் பாட்டைப் போடுவேன். இரண்டாவது நொடியிலேயே சித்தி கையை நீட்டி நிறுத்துவாள்.

“கல்யாணப் பொய். அடுத்தது ஊதுபத்தி.”

“ஊமைத் தாளம். அடுத்தது சின்ன கோபக்காரி.”

“பெரிய கோபக்காரி வேறயா?” என்றாள் சுருக்கம்.

“உன்னச் சேத்தா மூணு.”

முதல் நாள் நூற்று நாற்பது முடிந்தது. இரண்டாம் நாள் சுருக்கம் தன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தாள். நான்காம் நாள் துணி வண்டி தள்ளுபவர்களும் வந்துவிட்டார்கள். சித்தி சொல்வதற்குள் தாங்கள் சொல்லப் பார்த்து ஒவ்வொருவராகத் தோற்றார்கள். சில பாட்டுகளில் தொடக்கத்து இசைகூட அவளுக்குத் தேவைப்படவில்லை. அதற்கு முந்தைய இரைச்சலே போதும். “இது அந்த அறுந்து ஒட்டின கேசட்டு” என்பாள். ஒரு வாய் சோறு, ஒரு பாட்டு. அவள் எட்டாவதுவரைதான் படித்தவள். எந்தக் கேள்விக்கும் ‘எனக்கு என்ன தெரியும்’ என்றுதான் ஆரம்பிப்பாள். அந்தப் பதினோரு மத்தியானங்களில் ஒரு தடவைகூட அதை அவள் சொல்லவில்லை என்பதை நான் பிறகுதான் கவனித்தேன்.

பதினோராம் நாள் கம்ப்யூட்டர் கோத்து முடித்தது. மேற்பார்வையாளர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

“எல்லாம் சரிம்மா. இதுதான் பழைய வரிசைன்னு யாரு சாட்சி?”

அப்போது சுருக்கம் தன் பாட்டுப்பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். நான்கு வருடத்துக்கு முன் சித்தி தன் வரிசையிலிருந்து தொடர்ச்சியாக அறுபது பாட்டுகளை அவளுக்குக் கடையில் சொல்லி ஏற்றிக் கொடுத்திருந்தாள்.

மேற்பார்வையாளரே அதை ஒரு காதில் மாட்டிக்கொண்டார். கம்ப்யூட்டரில் எங்கள் வரிசையை நான் ஓட்டினேன். ஒவ்வொன்றாக இரண்டையும் ஒப்பிட்டார். பத்து. இருபது. முப்பதில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நாற்பத்தொன்றில் கையைத் தூக்கினார்.

“இங்க மாறுது.”

சித்தி சுருக்கத்தின் காதுக்கம்பியை வாங்கிக் கேட்டாள். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

“நடுவுல ஒண்ண அழிச்சியா நீ?”

சுருக்கம் விரிப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். “அந்தப் பாட்டுக்குத் தூக்கம் வருதுக்கா. ரோலர் பக்கத்துல நின்னுக்கிட்டுத் தூங்கினா என் கை என்னாகறது?”

வண்டிக்காரர் ஒருவர் சிரித்துச் சிரித்து இருமினார். அதைத் தாண்டியதும் மீதி அத்தனையும் ஒட்டிக்கொண்டு வந்தன. ஒன்றுகூடப் பிசகவில்லை. மேற்பார்வையாளர் காதுக்கம்பியைச் சுருட்டி மேசையில் வைத்தார்.

“மணிக்கு எழுதிக் கேட்டிருந்தேன். வேண்டாம்னு எழுதிடறேன்” என்றார்.

சுருக்கம் தட்டைத் தட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள். அவ்வளவு சத்தத்தை நான் எங்கள் பதிவேட்டுப் பிரிவில் ஒரு வருடத்தில் கேட்டதில்லை.

மீதி ஒன்பது எவை என்று அந்தக் கட்டங்களே காட்டிவிட்டன. ‘அடுத்தது’ என்று சித்தி சொன்ன பெயர் இருக்கும், பாட்டு இருக்காது. சித்தி யார் யாருக்கு என்னென்ன ஏற்றிக் கொடுத்தாள் என்று நினைவுபடுத்தி, ஆறு பேரின் பெட்டிகளிலிருந்து ஏழு பாட்டைப் பிடித்தோம். இரண்டு எங்கும் கிடைக்கவில்லை.

சித்தப்பா இப்போது நான்கு பிரதி வைத்திருக்கிறார். ஒன்று வீட்டில், ஒன்று என் மேசையில், ஒன்று சித்தியின் வேலையிடத்து லாக்கரில், ஒன்று அவர் தங்கை வீட்டில். நான்கின் மேலும் அவர் கையெழுத்திலேயே ‘நான் தொடக் கூடாது’ என்று எழுதியிருக்கிறார். சித்தி சொல்லி எழுத வைத்தது.

“அந்த ரெண்டு இடத்துல வேற பாட்டு போடட்டுமா?” என்று நான் கேட்டேன்.

“வேண்டாம். அது எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் சும்மா விடு. இல்லேன்னா கணக்கு தப்பும்.”

அவள் இரண்டையும் மனசுக்குள் ஓட்டிப் பார்க்க, நான் கடிகாரம் பிடித்தேன்: நான்கு நிமிடம் பத்து நொடி ஒன்று, மூன்றேமுக்கால் நிமிடம் இன்னொன்று. வெறும் அமைதியைப் பதிவு செய்து செருகினேன்.

புதுச் சுற்றின் ஒன்பதாம் வேலைநாள் பிற்பகலில் முதல் இடைவெளி வரும் என்று சித்தி சொல்லியிருந்தாள். நான் ஒரு காகிதத்தைக் கொடுக்கிற சாக்கில் சலவைக்கூடத்துக்குப் போனேன். இரண்டாம் டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. சித்தி காதுக்கம்பியைக் கழற்றிப் பைக்குள் போட்டாள், தொண்டையைச் செருமினாள், டிரம்மின் இரைச்சலுக்கு மேல் குரலை எடுத்துப் பாடினாள். நல்ல குரல் என்று சொல்ல முடியாது, பெரிய குரல். அவள் வருடக்கணக்காக முணுமுணுத்துக் கேட்டுப் பழகிய பாட்டு என்பதால், இரண்டாவது அடியில் மடிப்பு மேசை சேர்ந்துகொண்டது. வண்டிகள் நின்றன. மேற்பார்வையாளர் கண்ணாடி அறையின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்.

சுருக்கம் உற்சாகத்தில் ஒரு வரி முந்திப் பாடிவிட்டாள்.

“இருடி, அது இன்னும் வரல” என்று சித்தி கையை உயர்த்தினாள். கூடம் மொத்தமும் அந்தக் கையைப் பார்த்துக் காத்திருந்தது.