ஒற்றைத் தும்மல்

சின்ன வயதில் நான் பெரிய கள்ளி. அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி தைக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தபோது எனக்கு ஏழு வயது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வரும்போது, நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்கு ஓட அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் வந்தால் நேராக அடுப்படி. எனக்கென்று அம்மா கிடைப்பதே இல்லை.

ஒருநாள் அவள் படியிறங்கும்போது எனக்கு நிஜமாகவே ஒரு தும்மல் வந்தது. ஒற்றைத் தும்மல் ஆகாதாம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். அதுவரைக்கும் நான் அவள் மடியில். அடடா, இவ்வளவு சுலபமா! மறுநாளிலிருந்து தினமும் தும்மினேன்.

தும்மினால் ஏன் உட்கார வேண்டும் என்று சித்தப்பாவைக் கேட்டேன். எதற்கும் அவரிடம் ஒரு கதை உண்டு.

"அந்தக் காலத்துல ஊட்ல ஒர்த்தருக்கு சளி புடிச்சிக்கினா அப்டியே உட்டுட்டு போவ முடியுமா? கொஞ்ச நேரம் கூட உக்காந்து, சுடுதண்ணி குடுத்துட்டுதான் கெளம்புவாங்க. அதான் சகுனமாயிடுச்சி."

அந்த நிமிடத்தில் அவர் கட்டிவிட்ட கதைதான், சந்தேகமே இல்லை.

பள்ளிக்கூட ஆண்டுவிழா வந்தது. எனக்கு டான்ஸ். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. இன்றைக்கு ரயிலையே விட வைக்க வேண்டும், அதற்குப் பொய்த் தும்மல் பத்தாது என்று மிளகுத்தூளை எடுத்து மூக்கில் இழுத்தேன். வீடே அதிர ஒன்று வந்தது. பின்னாலேயே பாழாய்ப்போன இன்னொன்று.

"அண்ணி, ரெட்டைத் தும்மல்! போற காரியம் ஜெயம், கெளம்புங்க!" என்று கைதட்டினார் சித்தப்பா.

அவர் சொல்லி முடிப்பதற்குள் மூன்று, நான்கு, ஐந்து. மூக்கெல்லாம் நெருப்பு. ஓவென்று அழுதேன். அம்மா ஓடிவந்து முகம் கழுவி, முந்தானையால் மூக்கைத் துடைத்து, "இன்னாடி பண்ணி வெச்ச?" என்று சிரித்தாள். எரிச்சல் அடங்கும்வரை என்னை இறக்கிவிடவேயில்லை.

அத்தனை கூத்துக்குப் பிறகும் ரயிலைப் பிடித்துவிட்டாள். நான் சிவந்த மூக்கோடு டான்ஸ் ஆடினேன். அந்த ரயில் அம்மா வரும்வரை நின்றுவிட்டுத்தான் போகிறது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் பட்டாபிராமுக்கு வீடு மாற்றினோம். பழைய சுவர்க்கடிகாரத்தைக் கழற்றினேன். என் சின்ன வயதிலிருந்தே அது கால்மணி நேரம் முந்தி ஓடும்.

"கடையில குடுத்து ரிப்பேர் பண்ணிடலாம்மா."

"ரிப்பேர்லாம் ஒண்ணும் இல்லடி. நான்தான் முன்னாடி தள்ளி வெச்சேன். தெனம் தும்முவியே, அதுக்கு டைம் வேணாமா?"

எல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறாள், மகராசி. விடியற்காலைத் தூக்கத்தில் கால்மணியை எனக்காக விட்டுக்கொடுத்திருக்கிறாள். கடிகாரத்தைச் சரிசெய்யாமல் அப்படியே புது வீட்டில் மாட்டினேன்.