அக்காவின் கொப்பி, தங்கச்சியின் கண்

பத்தொன்பது வருடமாக நான் தாதி. அதில் பதினொரு வருடம் திருகோணமலைக் குடாவின் தென்பக்கத்தில், ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே நீரிழிவு கிளினிக்கில் போய்விட்டது. கிளினிக் செவ்வாய்க்கிழமை. எனக்குத் திங்கள் பின்னேரமே கால் உளையத் தொடங்கிவிடும். ஒரு டொக்டர், இரண்டு தாதிகள், வாங்கு நிறையச் சனம். எல்லோர் கையிலும் வருத்தமும் மருந்தும் திகதியும் எழுதிய ஒரு கிளினிக் கொப்பி.

எங்கள் பக்கத்தில் ஆள் வராவிட்டாலும் கொப்பி வந்துவிடும். மனுசன் கடலுக்குப் போயிருந்தால் மனைவி கொண்டுவருவார். அறுவடைக் காலமென்றால் ஒருவரே அயலட்டையின் நாலைந்து கொப்பிகளோடு வந்து நிற்பார். பிழை என்று தெரிந்தும் மருந்தைக் கொடுத்துவிடுவோம். கொடுக்காவிட்டால் வீட்டிலிருக்கும் நோயாளிக்கு அந்த மாதம் குளிசை இல்லை. ஆனால் ஆளும் வராமல், கொப்பியும் வராமல், அடுத்த கிழமை வந்து பல்லைக் காட்டுகிறவர்களை நான் சும்மா விடுவதில்லை. என் வாய்க்கு ஊரில் நல்ல பேர் கிடையாது.

போன வருடம் ஒரு கமெரா வந்தது. கண்ணின் உட்பக்கத்தை அது படமெடுக்க, கூட இருக்கும் கணினி செயற்கை நுண்ணறிவால் அந்தப் படத்தைப் பார்த்து, சீனி வருத்தம் கண்ணைத் தொட்டுவிட்டதா என்று சொல்லும். பச்சை வந்தால் பயமில்லை, மஞ்சள் என்றால் ஆறு மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும், சிவப்பு என்றால் உடனே நகரத்துக் கண் டொக்டரிடம் அனுப்ப வேண்டும். “உங்களுக்கு உதவிதான் மிஸ்” என்றார் அதைக் கொண்டுவந்து பொருத்தியவர். உதவியாம்! எனக்கு இன்னொரு வேலை கூடியதுதான் மிச்சம். தாங்கியில நாடியை வையுங்கோ, கண்ணைச் சிமிட்டாதேங்கோ, நேரே பாருங்கோ என்று கத்தித் தொண்டை வறண்டுபோனது.

எங்கள் டொக்டருக்கு மட்டும் சந்தோசம். “இவ்வளவு சனத்தின்ர கண்ணுக்குள்ளயும் நான் எப்ப பார்க்கிறது மிஸ்? இது பார்த்துத் தந்தால், வருத்தம் கூடின ஆக்களோட எனக்குப் பத்து நிமிசம் இருந்து கதைக்க ஏலும்” என்றார். அது உண்மைதான். அலுப்பில் நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

ஈச்சிலம்பற்றிலிருந்து ஒரு அம்மா வருவார். ஐம்பதைத் தாண்டியவர், கருவாடு காயவைத்து விற்கிறவர். முதற்படத்தில் அவருக்கு மஞ்சள் வந்திருந்தது. ஆறு மாதம் கழித்து அவருடைய முறை வந்தபோது மத்தியானம் ஒரு மணி கடந்திருக்கும். காலையில் குடித்த பிளேன்ரீயோடு நின்றேன். கொப்பியை வாங்கி இலக்கத்தைத் தட்டினேன். முகத்தைப் பார்க்கவில்லை. கமெராவில் நாடியை வைத்தார், படமெடுத்தேன்.

ஒரு நிறமும் வரவில்லை. ‘முந்தைய படத்தில் உள்ள கண் இதுவல்ல. ஆளைச் சரிபாருங்கள்’ என்று திரையில் வந்தது.

“சனியன்!” என்று வாய்விட்டே ஏசினேன். இன்னொருமுறை எடுத்தேன். அதே எழுத்து. வாங்கிலிருந்து யாரோ, “என்ன மிஸ், பழுதாப் போச்சோ?” என்று கேட்டார்கள். மூன்றாம் முறையும் அப்படியே வந்தபிறகுதான் எதிரே இருந்தவரை நிமிர்ந்து பார்த்தேன். அந்த அம்மாவின் சாயல் இருந்தது. ஆனால் அந்த அம்மா இல்லை.

“நீங்கள் ஆர்?”

“அவவின்ர தங்கச்சி மிஸ்.”

“ஐயோ கடவுளே! மருந்துக்கு ஆள்மாறி வாறது போதாதெண்டு, கண்ணையும் ஆள்மாறிக் காட்டுறதோ? உங்கட கண்ணைப் பார்த்து அவவுக்கு என்னெண்டு வைத்தியம் செய்யிறது?”

“கோவிக்காதேங்கோ மிஸ். இண்டைக்குக் கண் படம் எண்டு கொப்பியில கிடந்தது. வராட்டி மிஸ் ஏசுவா, நீ போய் இருந்திட்டு வா எண்டு அக்காதான் அனுப்பினவ.”

“அவவுக்கு வாறதுக்கு என்ன?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “ரெண்டு கிழமையா அக்காவுக்கு இடக்கண் தெரியேல்லை. மற்றதும் மங்கலாக் கிடக்காம். பஸ் ஏறப் பயப்பிடுறா.”

எனக்கு வந்த கோபம் அப்படியே இறங்கிவிட்டது. தங்கச்சிக்குச் சீனி வருத்தம் இல்லை. கணினி ஆளைக் கேட்காமல் கண்ணை மட்டும் பார்த்திருந்தால் பச்சை வந்திருக்கும். நானும் அக்காவின் கொப்பியில் ‘கண் நல்லம்’ என்று எழுதி, அடுத்த வருடத்துக்குத் திகதி போட்டு அனுப்பியிருப்பேன்.

டொக்டரிடம் ஓடினேன். அவர் இன்னொரு திகதி போட்டுக் கொடுக்கவில்லை. “இண்டைக்கே ஓட்டோ பிடிச்சு ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ” என்றார். நாலு மணிக்கு, தங்கச்சியின் தோளைப் பிடித்தபடி அந்த அம்மா வந்து இறங்கினார். இந்த முறை வலக்கண்ணை வைத்துக் கணினி ஆளைத் தெரிந்துகொண்டது. இரண்டு கண்ணும் சிவப்பு. இடக்கண்ணுக்குள் இரத்தம் கசிந்து நிறைந்திருந்தது, வலக்கண்ணிலும் தொடங்கியிருந்தது. டொக்டர் தொலைபேசியில் கண் டொக்டரோடு கதைத்து, அப்போதே அம்புலன்சில் நகரத்துக்கு அனுப்பினார்.

லேசர் பிடித்து வலக்கண்ணைக் காப்பாற்றினார்கள். இடக்கண் வெளிச்சம் இருட்டு தெரிகிற அளவில் நின்றுவிட்டது. நேரத்தோடு பிடித்ததற்கு டொக்டர் என்னையும் பாராட்டினார். எனக்கு அந்தப் பாராட்டு ஒட்டவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, செவ்வாய்க்கிழமை ஒன்றில் அவரே வந்தார். கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருத்தினேன். அன்பாகத்தான் கேட்டேன், ஆனால் பழக்கதோசம், குரலில் ஏச்சும் இருந்திருக்கும்.

“கண் மங்கத் தொடங்கின உடன எனக்கொரு வார்த்தை சொல்லியிருக்கலாமெல்லோ அம்மா?”

அவருக்குக் கோபமே இல்லை. “சொன்னனான் மிஸ். அதுக்கு முதல் மாசக் கிளினிக்கில சொன்னனான், கண்ணுக்கு முன்னால கறுப்பா என்னவோ மிதக்குது எண்டு. நீங்கள் எழுதி எழுதி ஓம் ஓம் எண்டீங்கள்.”

எவ்வளவு யோசித்தும் எனக்கு அது ஞாபகம் வரவில்லை. அவர் பொய் சொல்கிற ஆளும் இல்லை. அதற்குள் அடுத்தவர் எழும்பி வந்து கொப்பியை நீட்டினார். “கொஞ்சம் இருங்கோ” என்று அவரை நிறுத்திவிட்டு, பேனையை மூடி வைத்தேன்.

“எப்பிடி மிதந்தது அம்மா? முதல்ல இருந்து சொல்லுங்கோ.”

“இனி அதைச் சொல்லி என்ன மிஸ்” என்றார்.