கேட்டில் அப்பாவைச் சோதித்த கதை

செக்யூரிட்டி வேலைக்கு வரும் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, தெரிஞ்சவங்க வந்தா எப்படிச் செக் பண்றது?" என்பதுதான். இந்த விஷயத்தில் நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

மலாயாவில் கம்யூனிஸ்ட்காரர்கள் காட்டிலிருந்து சண்டை போட்ட காலத்தில், லிங்கிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் ஸ்பெஷல் கான்ஸ்டபிள். காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்று தொழிலாளர்கள் குடியிருந்த தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காலையில் மரம் வெட்ட, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்க, போகும் ஆண்களைக் கேட்டில் நிறுத்தித் தடவிப் பார்ப்பது என் வேலை. ஒரு பிடி சோறுகூட வெளியே போகக்கூடாது.

1. டாக்டர் சொன்னது

அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய். சிரம்பான் ஆஸ்பத்திரியில் அறுத்தும் பார்த்தார்கள், மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி மறுபடி வளர்ந்தது.

"இனிமே மருந்து கேக்காது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆசைப்பட்டதைக் கொடுங்க" என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில் பஸ்ஸில், "என்னப்பா வேணும்?" என்று கேட்டேன். கோழிக்கறி கேட்பார் என்று நினைத்தேன்.

"நாளைக்கு உங்கம்மாகூட வேலைக்குப் போவணும்டா. அவ மரம் வெட்டட்டும், நான் கோப்பையில காஞ்சு கெடக்கற ஒட்டுப்பால் பொறுக்குறேன்."

2. ராஜமரியாதை

மறுநாள் அப்பா கேட்டுக்கு வந்ததும் வரிசையே விலகி வழிவிட்டது. கங்காணி உட்கார ஸ்டூல் கொண்டுவந்தார். நான் சோதிக்காமலே, "நீங்க போங்கப்பா" என்று கதவைத் திறந்துவிட்டேன். அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. அடுத்தடுத்த நாட்களிலும் இதே மரியாதைதான்.

ஒருநாள் அவர் வயிற்றருகே கைலி பெரிதாகப் புடைத்திருந்தது. எங்கள் மலாய்க் கார்ப்பரல் அதைக் காட்டி, "அது என்ன?" என்றார்.

"நோய்க்கட்டி, துவான்" என்றேன், மெதுவாக.

அப்பா கைலி மடிப்பை அவிழ்த்தார். அவித்த மரவள்ளிக்கிழங்கு இரண்டு, ஆவி பறக்க வெளியே வந்தன.

"அலாமாக்! உபி!" என்று கார்ப்பரல் கிழங்கைக் காட்டிக் கத்தினார். என் வேலை போனது என்றே நினைத்தேன்.

"கட்டியாம்லா கட்டி!" என்றார் அப்பா. "தோட்டத்தையே தடவுறான் துவான், என்னை மட்டும் தொட மாட்டேங்குறான். நான் என்ன செத்தா போயிட்டேன்?"

கார்ப்பரல் கிழங்கைப் பிடுங்கிக்கொண்டார். "சோதி" என்றார் என்னிடம்.

அப்பா கையைத் தூக்கினார். நான் முண்டாசை அவிழ்த்துப் பார்த்தேன். முதுகு, இடுப்பு என்று தடவினேன். விலா எலும்பெல்லாம் கையில் தட்டுப்பட்டது. எனக்கு அழுகை முட்டியது.

"டேய், கூசுதுடா!" என்று நெளிந்தார் அவர்.

பெண்கள் வரிசையில் கேட் திறக்கக் காத்திருந்த மாரியாயி அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "யோவ் பெருசு, சீக்கிரம் நவுருலா! வெயில் ஏறுனா பாலு நின்னுரும்!"

"நிக்கட்டும் போடி! சர்க்கார் ஆளு சோதிக்கிறான், தெரியல?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அன்றுதான் அவர் வாய்விட்டுச் சிரித்தார். நடக்க முடிந்தவரை தினமும் வரிசையில் வந்து நின்றார்.

ஆகவே தம்பிகளே, தெரிந்தவர் என்று யாரையும் விட்டுவிடாதீர்கள். உடம்புக்கு முடியாதவராக இருந்தால் கொஞ்சம் கூடுதல் நேரமே சோதியுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். அப்பாவைக் கட்டிப்பிடிக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.